ஆங்கிலச் சுருக்க வினாக்களும் தலைப்புகளும்

ஆங்கிலச் சுருக்க வினாக்களும் தலைப்புகளும் என்பன எழுவாய், துணைவினை முதலிய உறுப்புகள் விடுபட்டு அமையும் ஆங்கிலத் தொடர்கள் ஆகும். எவ்வுறுப்பையும் விருப்பம்போல் விட்டுவிட இயலாது. தமிழில் இயல்பாக உள்ள சுருக்கம் ஆங்கிலத்தில் பல இடங்களில் பிழையாகிறது.

'ஹவ் டு' தொடர்கள்

'ஹவ் டு இன்ஸ்டால் லினக்ஸ்' என்பது வினா அன்று. 'லினக்சை நிறுவும் முறை' என்பது போன்ற தலைப்பே ஆகும். எனவே அதன் இறுதியில் வினாக்குறி இடுவதில்லை. டேல் கார்னகி 1936 இல் எழுதிய 'ஹவ் டு வின் பிரெண்ட்ஸ் அண்ட் இன்ஃபுளுயன்ஸ் பீப்பிள்' என்ற நூலின் பெயரும் இவ்வகையினதே. லினக்ஸ் ஆவணத் திட்டத்தின் வழிகாட்டிகளுக்கு 'ஹவ்டு' என்பதே பெயராயிற்று.

தமிழில் 'எப்படி நிறுவுவது?' என்பது முழுமையான வினா. அதனை அப்படியே பெயர்த்து 'ஹவ் டு இன்ஸ்டால்?' என்று கேட்பது தமிழரிடம் மிகுதி. வேறு பல மொழியினரும் இவ்வாறே எழுதுகின்றனர். பிறரிடம் கேட்கும்போது 'ஹவ் டூ ஐ இன்ஸ்டால் லினக்ஸ்?' என்பதே இயல்பானது. எனினும் 'ஐ டோன்ட் நோ ஹவ் டு இன்ஸ்டால் இட்' என வாக்கியத்தின் உள்ளே வருவது சரியே. 'வாட் டு டூ?' என்பது தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் வினாவாக வழங்குகிறது.

'வொய்' என்பதன் பின்

இங்கு 'டு' வராது, 'வொய் வெயிட்?' என்றே வரும். இதன் பொருள் 'காத்திருக்கத் தேவையில்லையே' என்பதாகும். உண்மையான காரணத்தை அறிய 'வொய் ஆர் யூ வெயிட்டிங்?' என்று முழுமையாகக் கேட்க வேண்டும்.

பேச்சு வழக்கு

'ஆர் யூ கமிங்?' என்பது 'யூ கமிங்?' என்றோ 'கமிங்?' என்றோ சுருங்கும். 'ஆர் கமிங்?' என்று சுருங்காது. 'வருகிறாயா?' என்பதில் வினைமுற்றே முன்னிலையைக் காட்டிவிடுவதால் தமிழில் 'நீ' தேவைப்படுவதில்லை. ஆங்கில வினாவில் எழுவாயை மட்டும் நீக்கித் துணைவினையை விட்டுவைக்க முடியாது.

செய்தித் தலைப்புகள்

நாளிதழ்த் தலைப்புகளில் 'எ', 'த', 'ஈஸ்' போன்றவை விடுபடும். நடந்து முடிந்தது நிகழ்காலத்திலும், நடக்கவிருப்பது 'டு' சேர்த்தும் எழுதப்படும். இச்சுருக்கம் பொருள் மயக்கத்திற்கும் இடமளிக்கும். 2009 இல் 'ஜப்பான் டுடே' தளத்தில் 'வயலினிஸ்ட் லிங்க்ட் டு ஜேஏஎல் கிராஷ் ப்ளாசம்ஸ்' என்றொரு தலைப்பு வெளியானது. 1985 ஆம் ஆண்டு ஜப்பான் ஏர்லைன்ஸ் விமான விபத்தில் தந்தையை இழந்த வயலின் கலைஞர் புகழ்பெற்று மலர்கிறார் என்பதே செய்தி. 'ப்ளாசம்ஸ்' இங்கு வினைச்சொல். அதனைப் பெயர்ச்சொல்லாகக் கொண்டவர்களோ 'விபத்து மலர்கள்' எவை என்று திகைத்தனர். அதன்பின் இத்தகைய தலைப்புகளுக்குக் 'கிராஷ் ப்ளாசம்' என்பதே பெயராக நிலைத்தது.