முதனிலைத் தேர்தலும் வெகுசனத் தொடர்பு சாதனங்களும்: 1976ஆம் ஆண்டு அனுபவம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கட்சி வேட்பாளரைத் தெரிவு செய்யும் அதிகாரம் நீண்டகாலம் கட்சித் தலைவர்கள் சிலரின் கைகளிலேயே இருந்தது. அதனைப் பொதுமக்களிடம் கையளிக்கும் நோக்குடனேயே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விஸ்கொன்சின் மாநிலத்தில் றொபேட் லா பொலெற் முதலிய சீர்திருத்தவாதிகள் முதனிலைத் தேர்தலுக்காகப் போராடினர். எனினும், சனாதிபதி வேட்பாளரைப் பொறுத்தவரை அந்நோக்கம் அரை நூற்றாண்டுக்கு மேலாக நிறைவேறவில்லை. முதனிலைத் தேர்தல்களில் போட்டியிடாத ஹியூபேட் ஹம்பிரியையே 1968இல் சனநாயகக் கட்சியின் சிக்காகோ மாநாடு வேட்பாளராக்கியது. மண்டபத்திற்கு வெளியே வியற்நாம் போர் எதிர்ப்பாளர்கள் பொலிசாரால் தாக்கப்பட்டனர். இந்நெருக்கடியின் விளைவாக அமைந்த மக்கவர்ன்-பிரேசர் ஆணைக்குழுவின் விதிகள், 1972 முதல் முதனிலைத் தேர்தல்களுக்கு முதன்மை அளித்தன.

கட்சித் தலைவர்கள் இழந்த அதிகாரம் முழுவதும் மக்களைச் சென்றடைந்ததா என்பதே ஈண்டு எழும் வினா. 1976ஆம் ஆண்டு அனுபவம் இதற்கு விடை தருகின்றது.

அவ்வாண்டு ஐயோவா மாநிலக் கட்சிக் கூட்டங்களில் அதிக ஆதரவைப் பெற்றவர் எவருமிலர். எவரையும் சாராதோர் 37 வீதத்தினராக இருக்க, ஜிம்மி காட்டர் ஏறத்தாழ 28 வீதமே பெற்றார். ஆயினும் பத்திரிகைகள் அவரையே வெற்றியாளராகக் கண்டன. அடுத்து நியூ ஹம்சயரில் அவர் பெற்றதும் ஏறத்தாழ 28 வீதமே. யூடால், பே, ஹரிஸ், சிறைவர் ஆகிய நால்வரும் தம்முள் பகிர்ந்துகொண்ட வாக்குகளோ அரைப்பங்கைத் தாண்டின. தாராண்மைவாத வாக்குகள் நான்காகச் சிதறியமையே காட்டரின் முதலிடத்திற்கு வழிவகுத்தது எனலாம். அதனைத் தொடர்ந்து 'ரைம்', 'நியூஸ்வீக்' சஞ்சிகைகளின் அட்டைகளில் அவர் முகம் இடம்பெற்றது. சில ஆயிரம் வாக்குகளால் இரண்டாமிடம் பெற்ற யூடால் ஏறக்குறைய மறக்கப்பட்டார்.

இதன் இயக்கமுறை நோக்கற்பாலது. வேட்பாளர் பலராயின் அனைவரையும் பின்தொடரச் செய்தித்தாபனங்களால் இயலாது; முதல்வர் ஒருவரை அவை தேடுகின்றன. செய்தி செல்லுமிடத்துக்கே நிதியும் தொண்டரும் செல்கின்றன. ஏனையோர் பெரும்பாலான மாநிலங்கள் வாக்களிக்குமுன்னரே விலகுகின்றனர். பே மார்ச் தொடக்கத்திலேயே விலகினார். 1976ஆம் ஆண்டுத் தேர்தலை ஆராய்ந்து தோமஸ் பற்றசன் 1980இல் வெளியிட்ட நூலும், செய்திகள் கொள்கைகளைவிடப் போட்டியின் போக்கிலேயே கவனங்கொண்டமையை எடுத்துக்காட்டியது.

காட்டரைப் பத்திரிகைகளே உருவாக்கின என்று கூறுவது மிகையாகும். மசச்சூசெற்சில் நான்காமிடத்துக்குத் தள்ளப்பட்ட அவர், புளோரிடாவில் வொலசையும் பென்சில்வேனியாவில் ஜக்சனையும் தோற்கடித்தே முன்னேறினார். ஆனால் அப்போட்டிகளில் அவர் முன்னணி வேட்பாளராக நிற்பதற்கான தகுதியை வழங்கியது, முப்பது வீதத்தையும் எட்டாத வாக்குகளுக்குக் கொடுக்கப்பட்ட விளக்கமேயாகும்.

இந்நிலை பின்னரும் தொடர்ந்தது. 2016ஆம் ஆண்டுத் தேர்தலுக்கெனக் குடியரசுக் கட்சியில் 17 பேர் களமிறங்கினர். 2015 ஓகஸ்ற் மாத முதல் விவாதத்தில் பிரதான மேடைக்குரிய பதின்மரைக் கருத்துக்கணிப்புகளின் துணைகொண்டு தீர்மானித்தது ஒரு தொலைக்காட்சி நிறுவனம். தென் கரோலினாவில் மூன்றிலொரு பங்குக்கும் சற்றுக் குறைந்த வாக்குகளால் டொனால்ட் ட்ரம்ப் 50 பேராளர்களையும் பெற்றார்.

2020இல் சனநாயகக் கட்சி அலாஸ்கா, ஹவாய், கன்சாஸ், வயோமிங் ஆகிய நான்கு மாநிலங்களில் விருப்பத்தை வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறையைக் கையாண்டது. வாக்குச் சிதறலுக்கு அது ஓரளவு பரிகாரமாகலாம். ஆனால் யார் வென்றார் என்று பொருள்கூறும் அதிகாரத்தை அது தொடவில்லை. கட்சி முதலாளிகளிடமிருந்து மீட்கப்பட்ட அதிகாரத்தின் ஒரு பகுதி, எவராலும் தெரிவு செய்யப்படாத செய்தித்தாபனங்களிடம் தங்கிவிட்டது. வாக்குரிமையின் விரிவையே சனநாயகத்தின் முழுமையாகக் கொள்வோர் இவ்வரலாற்றை மனங்கொள்ளல் வேண்டும்.