கிரிவலம் போன இடத்தில் லாட்ஜ் படியில் விழுந்தால் யார் பொறுப்பு? சட்டம் சொல்வது என்ன?

பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலையில் லாட்ஜில் அறை கிடைப்பதே கஷ்டம். 14 கி.மீ. கிரிவலம் நடந்து களைத்து வரும் பக்தர், லைட் எரியாத படிக்கட்டில் தடுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டால்? "நீங்கதான் பார்த்து வந்திருக்கணும்" என்று லாட்ஜ் நிர்வாகம் கைகழுவிவிட முடியுமா? அவ்வளவு எளிதில் முடியாது என்கிறது சட்டம்.

யார் பொறுப்பு?

பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதைவிட, இடம் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதே முக்கியம். லீசுக்கு எடுத்து நடத்துபவரும் பொறுப்பாளிதான். அனுமதியோடு உள்ளே வருபவருக்கு நியாயமான பாதுகாப்பு தருவது அவர் கடமை. பிரிட்டனில் இதற்கு 1957-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. கோர்ட் தீர்ப்புகள்தான் வழிகாட்டி.

எதெல்லாம் அலட்சியம்?

உடைந்த கைப்பிடி, மூடி இல்லாத தண்ணீர்த் தொட்டி, ஷாக் அடிக்கும் ஹீட்டர், பூட்டி வைத்த அவசர வழி... முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய ஆபத்தைச் சரிசெய்யாமல் விடுவதுதான் அலட்சியம்.

1997 ஜூன் 13 அன்று டெல்லி உபஹார் தியேட்டர் தீ விபத்தில் 59 பேர் இறந்தனர். கூடுதல் சீட் போட்டு வெளியேறும் வழியை அடைத்திருந்தது தெரியவந்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம், இறந்தவர்களில் 20 வயதுக்கு மேற்பட்டோருக்கு ரூ.10 லட்சம், மற்றவர்களுக்கு ரூ.7.5 லட்சம் என இழப்பீட்டை நிர்ணயித்தது. அதில் 85 சதவீதம் தியேட்டர் நிர்வாகத்தின் தலையில் விழுந்தது.

'நிர்வாகம் பொறுப்பல்ல' போர்டு செல்லுமா?

டெல்லி ஹோட்டல் ஒன்றில் பார்க்கிங்குக்காக ஊழியரிடம் ஒப்படைத்த கார் திருடுபோனது. 'உரிமையாளர் பொறுப்பில்' என்று டோக்கனில் அச்சிட்டிருந்தாலும், தன் அலட்சியத்துக்கான பொறுப்பிலிருந்து ஹோட்டல் தப்ப முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதேநேரம் 'தரை ஈரம், கவனம்' போன்ற தெளிவான எச்சரிக்கையை கோர்ட் கணக்கில் எடுக்கும். விழுந்தவர் மேலும் தவறு இருந்தால் இழப்பீடு குறையலாம்.

இலவசமாகத் தங்கினால்?

வாடகை கொடுத்தவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். எல்லோருக்கும் இலவசமாக இடம் தரும் சத்திரம் என்றால் அந்த வழி கிடையாது. ஆனால் சிவில் கோர்ட்டில் இழப்பீடு கேட்கலாம்.

உடனே செய்ய வேண்டியவை

* விழுந்த இடத்தை உடனே போட்டோ, வீடியோ எடுங்கள். மறுநாளே பல்பு மாறிவிடலாம்.
* அறை ரசீது, ஆஸ்பத்திரி சீட்டு, மருந்து பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.
* நிர்வாகத்திடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். பெரிய காயம் என்றால் போலீசில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள்.
* நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும்.

வெளியூர்க்காரர் வழக்குக்காக திருவண்ணாமலைக்கே வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த ஊரில் உள்ள மாவட்ட ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். ஆலோசனைக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.