பறக்கும் மருத்துவர்

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் எஸ்.பி.எம். தேர்வு நெருங்கினால், பிள்ளையைத் திடலுக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் பலரைக் கண்டுள்ளேன். அவர்களிடம் நான் எடுத்துரைப்பது டாக்டர் மணி ஜெகதீசனின் வரலாறு.

1943-இல் கோலகங்சாரில் பிறந்த இவர், பதினாறாம் வயதிலேயே 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஓடினார். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றவாறே பயிற்சியையும் தொடர்ந்தார். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4×100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை அவர் ஓடிய 20.92 வினாடி, 2017 வரை தேசியச் சாதனையாக நிலைத்தது.

பின்னர்க் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் இயக்குநராகவும் விளங்கினார்.

திடல் அவருடைய கல்வியைக் கெடுக்கவில்லை. பெற்றோர்களே, மாலையில் ஒரு மணி நேரத்தையாவது பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுங்கள்.