ஒரு துண்டுத் தோலின் வரலாறு

கடந்த மாதம் ரொறன்ரோவிலிருந்து என் தங்கையின் மகன் தொலைபேசியில் அழைத்தான். வேலை முடிந்த மாலைப்பொழுதுகளில் அவனும் நண்பர்களும் பூல் விளையாடுவது வழக்கம். இரண்டாண்டுகளாக அந்த ஆட்டத்தில் அவனுக்குப் பித்தே பிடித்துவிட்டது.

“மாமா, சொந்தமா ஒரு கோல் செய்விக்கப் போறன். 1500 டொலர் கேக்கிறாங்கள். நீங்கள் அந்தக் காலத்தில பில்லியர்ட்ஸ் எல்லாம் பேப்பரில எழுதினனீங்கள்தானே. எடுக்கலாமோ?” என்று கேட்டான்.

“கோல் கிடக்கட்டும். நுனியில என்ன தோல் போடுறாங்கள்?” என்று நான் கேட்டேன்.

அவனுக்குத் தெரியவில்லை. மரம் எது, கைப்பிடியில் சுற்றும் நூல் எது, பதிக்கும் அலங்காரம் எது என்றெல்லாம் விசாரித்தவன், நுனித்தோலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. கொழும்பில் இளம் நிருபராக இருந்த காலத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு முதிய மார்க்கர்தான் என் கண்ணைத் திறந்துவைத்தார். அவரைப் பற்றி இறுதியில் சொல்கிறேன். அதற்கு முன், விரல்நகத்தின் அளவேயான அந்தத் தோல் துண்டு ஓர் ஆட்டத்தையே மாற்றியமைத்த வரலாற்றைச் சொல்லவேண்டும்.

வாலிலிருந்து பிறந்த கோல்

பில்லியர்ட்ஸ் ஆட்டம் முதலில் கோலால் ஆடப்பட்டதன்று. ‘மேஸ்’ எனப்படும், தலைப்பகுதி தடித்த ஒரு தடியால் பந்தைத் தள்ளினார்கள். பந்து மேசையின் விளிம்பை ஒட்டி நின்றுவிட்டால் அந்தத் தடித்த தலை அங்கே நுழையாது. ஆகவே தடியைத் திருப்பிப் பிடித்து, மெலிந்த வாற்பக்கத்தால் அடித்தார்கள். பிரெஞ்சு மொழியில் வாலுக்குக் ‘கியூ’ என்று பெயர். ஆங்கிலத்தில் இன்று வழங்கும் ‘கியூ’ என்ற சொல் அதிலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய இந்த மாற்றம் மெல்ல மெல்லப் பரவி, ஈற்றில் வால் தலையை வென்றது.

ஆயினும் அந்தக் கோலின் நுனி வெறும் மரமாகவே இருந்தது. மரமும் தந்தப் பந்தும் உரசும்போது வழுக்கும். பந்தின் நடுப்புள்ளியைவிட்டுச் சற்றே விலகி அடித்தாலும் கோல் சறுக்கிவிடும். எனவே ஆட்டக்காரன் நடுவில் மட்டுமே அடிக்கக் கட்டுப்பட்டவனாக இருந்தான். பந்து நேராகப் போகும், முட்டும், நிற்கும். அதற்குமேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது.

சிறையில் ஒரு கப்டன்

இந்த நிலையை மாற்றியவர் பிரான்ஸின் காலாட்படை அதிகாரியான கப்டன் பிரான்சுவா மங்கோ. 1771இல் பிறந்த இவர் அரசியற் காரணங்களுக்காகப் பாரிஸுக்கு அண்மையிலுள்ள பிசேத்ர் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே ஒரு பில்லியர்ட்ஸ் மேசை இருந்தது. நாள் முழுவதும் ஆடிய கைதி, கோலின் மர நுனியை உருட்டிச் சீவி, அதன்மீது தோல் துண்டொன்றைப் பொருத்தினார். 1807ஆம் ஆண்டை இந்தக் கண்டுபிடிப்பின் ஆண்டாகக் கொள்வது மரபு. விடுதலை வந்தபோது, ஆராய்ச்சியை முடிப்பதற்காக இன்னும் சிறிது காலம் சிறையிலிருக்க அனுமதி கேட்டார் என்றும் ஒரு கதை உண்டு. கதை எப்படியாயினும், வெளியே வந்து அவர் ஆடிக்காட்டிய ஆட்டம் மக்களைத் திகைக்கவைத்தது. முட்டிய பந்து பின்னோக்கி உருண்டு வந்தது. விளிம்பில் பட்ட பந்து எதிர்பாராத கோணத்தில் திரும்பியது. 1827இல் அவர் தமது அடிகளை விளக்கிப் படங்களுடன் ஒரு நூல் வெளியிட்டார். இலண்டனில் மேசைகள் செய்த ஜோன் தேர்ஸ்டன் 1830இல் அதன் ஆங்கிலப் பதிப்பைக் கொண்டுவந்தார். மங்கோ 1847இல் ஒல்லாந்தின் ரொட்டர்டாம் நகரில் காலமானார்.

தோல் என்ன செய்கிறது? அது அமுங்கி, பந்தின் வளைவைக் கணநேரம் பற்றிக்கொள்கிறது. அந்தப் பிடிப்பு நீடிப்பது ஒரு செக்கனின் ஏறத்தாழ ஆயிரத்திலொரு பங்குதான். அதற்குள் ஆட்டக்காரனின் எண்ணமெல்லாம் பந்துக்குள் சென்றுவிடவேண்டும். கோலின் ஏனைய பகுதிகள் அனைத்தும் அந்த ஒரு கணத்துக்காகவே இருக்கின்றன.

மந்திரப்பொடி விற்ற மார்க்கர்

தோல் மட்டும் போதவில்லை. அதுவும் நாட்பட மெருகேறி வழுக்கும். இங்கே வருகிறார் இங்கிலாந்தின் பாத் நகரத்து மார்க்கர் ஜாக் கார். மார்க்கர் என்பவர் மேசையருகே நின்று புள்ளிகளைக் கணக்கெடுப்பவர், கோல்களைப் பராமரிப்பவர். கார் வேலைசெய்த ஆட்டக்கூடத்தின் உரிமையாளர் பார்ட்லி, பந்தின் பக்கவாட்டில் அடித்துச் சுழற்றும் வித்தையைக் கண்டுபிடித்து அவருக்குக் காட்டினாராம். கார் அதைப் பயின்று தேர்ந்தார். பந்து சுழல்வதற்குக் காரணம் தம்மிடமுள்ள ஒரு விசேட பொடியே என்று சொல்லி, சிறு பெட்டிகளில் அடைத்து விற்றார். அது சாதாரண சோக்குத் தூள் என்பது பின்னரே தெரியவந்தது.

ஏமாற்று வேலைதான். ஆனாலும் அதில் பாதி உண்மை இருந்தது. சோக்குத் தடவாத தோலால் அப்படி அடிக்கவே முடியாது. 1897இல் அமெரிக்க ஆட்டக்காரர் வில்லியம் ஸ்பிங்ஸும் சிக்காகோ இரசாயனவியலாளர் வில்லியம் ஹொஸ்கின்ஸும் இதற்கென ஒரு புதுக் கலவைக்குக் காப்புரிமை பெற்றனர். சிலிக்காவும் உராய்வுத் தூளும் கலந்த அந்தக் கட்டிக்கும் வகுப்பறைச் சோக்குக்கும் பெயரைத் தவிர வேறு உறவில்லை.

ஒரு கைதியும் ஒரு மார்க்கரும் ஆட்டத்தைப் புதிதாகப் பிறப்பித்தார்கள் என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். மாளிகைகளில் ஆடிய பிரபுக்கள் தங்கப்பூச்சுக் கோல்களைச் செய்வித்தார்கள். ஆனால் அவற்றின் நுனியைப் பற்றிச் சிந்தித்தவர்கள் வேறு மனிதர்கள்.

பலபுஷ்காவின் பெயர்

தனிப்படச் செய்விக்கும் கோல் என்றதும் உலகெங்கும் பூல் ஆடுபவர்கள் சொல்லும் பெயர் ஜோர்ஜ் பலபுஷ்கா. 1912இல் ருஷ்யாவில் பிறந்து, 1924இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, நியூயோர்க்கில் மரவேலை செய்து வாழ்ந்தவர். 1959இல் நண்பர்களுக்கு நத்தார்ப் பரிசாகச் சில கோல்களைச் செய்துகொடுத்தார். அவற்றுக்குக் கிடைத்த வரவேற்பே அதைத் தொழிலாக்கியது. 1975இல் இறக்கும்வரை அவர் செய்தவை ஏறத்தாழ 1000 முதல் 1200 கோல்கள். இன்று அவற்றுள் ஒன்றை வாங்குவதென்றால் பல்லாயிரம் டொலர் வேண்டும்.

அவருடைய ஆரம்பகாலக் கோல்கள் பல எதிலிருந்து பிறந்தன தெரியுமா? பிறன்ஸ்விக் நிறுவனத்தின் ‘டைட்டிலிஸ்ட்’ என்ற, ஆட்டக்கூடங்களில் பொதுவாகக் கிடந்த ஒற்றைக் கோல்களிலிருந்து! மேப்பிள் மரமும் கருமரமும் ஒன்றுக்குள் ஒன்று கூர்முனையாகப் பொருந்திய அவற்றின் உடலைக் கடைந்து, இரண்டாக்கி, நடுவே பூட்டு வைத்து, ஐரிஷ் லினன் நூல் சுற்றிப் புதுக் கோலாக்கினார். அவருக்கு முன்னரே சிக்காகோவின் ஹேர்மன் றம்போ இதே முறையைக் கையாண்டிருந்தார். மரம் ஆட்டக்கூடத்தினுடையது. அதை அளந்து, நிறை சரிபார்த்து, இணைப்பில் இடைவெளி இல்லாமற் பொருத்திய கைதான் பலபுஷ்காவினுடையது.

1986இல் வெளிவந்த ‘த கலர் ஒவ் மணி’ திரைப்படத்தில் போல் நியூமனின் பாத்திரம் இளைஞனான ரொம் குரூஸுக்கு ஒரு பலபுஷ்கா கோலைக் கொடுக்கும். உலகமே அந்தப் பெயரை அறிந்தது அதன் பின்னர்தான். ஆனால் படத்தில் வந்தது பலபுஷ்கா செய்ததன்று, அதைப்போலத் தோற்றமளிக்கும் ஜொஸ் நிறுவனத்தின் கோல். பெயருக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள தூரத்தை இதைவிட நன்றாக விளக்க முடியாது.

கருங்காலியும் தந்தமும்

இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஓரிடம் உண்டு. இலங்கையின் உலர்வலயக் காடுகளிலும் தென்னிந்தியாவிலும் வளரும் கருங்காலி, உலகிலேயே மிகக் கருமையானது எனப் பெயர்பெற்றது. நீரில் அமிழும் கனமுடையது. கோலின் அடித்தண்டுக்கு நிறைகொடுக்க எபோனி மரம் விரும்பப்பட்டது. மெல்ல வளரும் அந்த மரத்தை வெட்டியவர்கள் நட்டவர்கள் அல்லர். இன்று இலங்கையும் இந்தியாவும் அதன் ஏற்றுமதியைச் சட்டத்தால் தடுத்துள்ளன. இக்காலக் கோல்களில் ‘எபோனி’ எனச் சொல்லி விற்கப்படுவது பெரும்பாலும் ஆபிரிக்க மரமே.

நுனித்தோலுக்குக் கீழே, மரம் பிளவாதபடி காக்கும் பூண் முன்னர் யானைத் தந்தத்தாற் செய்யப்பட்டது. அமெரிக்கா 2016இல் ஆபிரிக்க யானைத் தந்த வணிகத்தை ஏறக்குறைய முற்றாகத் தடைசெய்தது. புலம்பெயர் நாடுகளில் பழைய கோல் வாங்க விரும்புவோர் இதை நினைவில் வைத்திருத்தல் நல்லது. தந்தப் பூணுள்ள கோலை எல்லை கடந்து கொண்டுசென்றால் சுங்கத்தில் அகப்படலாம்.

எதைத் தேர்வது?

மருமகனுக்கு நான் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். பூல் கோல் பொதுவாக 58 அங்குல நீளமும் 18 முதல் 21 அவுன்ஸ் வரை நிறையும் உடையது. 19 அவுன்ஸில் தொடங்குவது நல்லது. முன்தண்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து, அது நேரானதா எனப் பார்க்கவேண்டும். பூட்டில் இரு பகுதியும் இடைவெளியின்றிச் சேரவேண்டும். மரத்தண்டாயின் வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் ஈரமான சுவரோரத்திலும் வைக்கலாகாது. இப்போது காபன் நாரிழைத் தண்டுகளும் வந்துவிட்டன. அவை வளையா. ஆனால் விலை அதிகம்.

நுனித்தோலின் அகலம் பூல் கோலில் 12 முதல் 13 மில்லிமீற்றர். ஸ்னூக்கர் கோலில் ஏறத்தாழ 9 முதல் 10 மில்லிமீற்றர்தான், ஏனெனில் அங்கே பந்தும் சிறியது. மென்மையான தோல் பந்தை நன்கு பற்றும், ஆனால் விரைவில் தட்டையாகும். கடினமான தோல் வடிவம் கெடாது, ஆனால் சோக்குத் தடவ மறந்தால் மன்னிக்காது. ஒற்றைத் துண்டுத் தோல் ஒரு டொலருக்கும் கிடைக்கும். யப்பானியர் புகழ்பெறச் செய்த, பன்றித்தோலை மென்படைகளாக ஒட்டிய அடுக்குத் தோல்களுக்கு 20, 30 டொலர் கொடுக்கவேண்டும். அவை ஒரே சீராக நடந்துகொள்ளும். புதிதாகப் பழகுபவர் நடுத்தரக் கடினமுள்ள ஒன்றை எடுத்து, அமெரிக்க ஐந்து சத நாணயத்தின் வளைவுக்குச் சீவிக்கொண்டால் போதும்.

ஆனால் தோலைவிட முக்கியம், அதை ஒட்டுகிற கை. சரிவர ஒட்டாத 30 டொலர்த் தோல், சரியாக ஒட்டிய ஒரு டொலர்த் தோலுக்கு ஈடாகாது.

பெயர் கேளாத பிழை

இதை எனக்குக் கற்பித்தவர் கொழும்பில் ஒரு கழகத்தின் ஆட்டக்கூடத்தில் மார்க்கராக இருந்த முதியவர். 1973இல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் எங்கள் எம். ஜே. எம். லாபிர் சம்பியன் பட்டம் வென்றார். இலங்கை கண்ட முதல் உலகச் சம்பியன் அவர். அந்த ஆண்டில் பத்திரிகைகளுக்குப் பில்லியர்ட்ஸ் செய்தி எவ்வளவு கொடுத்தாலும் போதவில்லை. ஆசிரியர் என்னைக் கழகங்களுக்கு அனுப்பினார்.

அந்தக் கூடத்தில் போட்டிக்கு முதல்நாள் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, தங்கள் கோல்களை அந்த முதியவரிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்வார்கள். அவர் பழைய தோலைச் சவர அலகால் சீவியெடுப்பார். புதுத் தோல்களைப் பரப்பிவைத்து, ஒவ்வொன்றாகத் தம் பெருவிரல் நகத்தில் தட்டிப் பார்ப்பார். பத்தில் இரண்டைத்தான் எடுப்பார். ஒட்டி, கட்டி, இரவு முழுவதும் விட்டுவைப்பார். காலையில் அரத்தால் வளைவு கொடுத்து, ஓரத்தை எச்சில் தொட்டுத் தேய்த்து மெருகேற்றுவார்.

ஒருநாள் நான் என் அறிவைக் காட்ட எண்ணி, “நல்ல கோல் என்றால் எந்த மரம் ஐயா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “மரம் பந்தைத் தொடுறதில்லைத் தம்பி” என்றார்.

அந்த வாரம் நான் எழுதிய கட்டுரையில் ஆட்டக்காரர்களின் பெயர்கள் வந்தன. கழகத் தலைவரின் பெயர் வந்தது. பரிசு வழங்கிய பிரமுகரின் பெயரும் அவர் பாரியாரின் பெயரும் வந்தன. அந்த முதியவரைப் பற்றி ஒரு வரி வரவில்லை. எல்லோரும் அவரை ‘மார்க்கர்’ என்றே அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன். எவரிடம் பேசினாலும் முதலிற் பெயரைக் கேட்டு எழுதிக்கொள் என்பது பத்திரிகைத் தொழிலின் அரிச்சுவடி. பின்னாளில் எத்தனையோ இளைஞர்களுக்கு அதைக் கற்பித்த நான், அந்த மனிதரிடம் மட்டும் கேட்கத் தவறினேன். பல ஆண்டுகளின் பின்னர் அங்கே சென்றபோது அவரும் இல்லை, அவரை அறிந்தவரும் இல்லை. மங்கோவின் பெயரையும் ஜாக் காரின் பெயரையும் வரலாறு காப்பாற்றியது, யாரோ எழுதிவைத்ததனால். எங்கள் மார்க்கரின் பெயரை எழுதியிருக்கவேண்டியவன் நான்.

சென்ற வாரம் மருமகன் மீண்டும் பேசினான். 1500 டொலர்க் கோலை விட்டுவிட்டு, 200 டொலருக்கு அலங்காரமற்ற மேப்பிள் கோலொன்று வாங்கியிருக்கிறான். நகரத்தின் மறுகோடியில் சிறு பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் நல்ல அடுக்குத் தோலொன்று ஒட்டுவித்தானாம்.

“இப்ப பந்து சொன்னபடி கேக்குது மாமா” என்றான்.

“ஒட்டினவற்றை பேர் என்ன?” என்று கேட்டேன்.

சற்றே தயங்கிவிட்டு, “கேக்கேல்லை” என்றான்.

“அடுத்தமுறை போகேக்க கேள். கேட்டு எழுதி வை” என்றேன்.