பென்சிலில் எழுதிய மனு

கோர்ட்டு அலுவலகத்தில் இருந்த காலத்தில் எத்தனையோ மனுக்களைத் திருப்பியிருக்கிறேன். ஸ்டாம்பு குறைவு, நகல் போதாது, கையெழுத்து இல்லை என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். அதனாலோ என்னவோ, 1962 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு மனுவின் கதை என்னை விடவே இல்லை. சிறையில் கொடுத்த கோடு போட்ட தாளில் பென்சிலால் எழுதிய மனு அது. எழுதியவர் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். முன்பும் சில முறை சிறைக்குப் போனவர்.

1961 ஜூனில் ஃப்ளோரிடா மாநிலம் பனாமா சிட்டியில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தின் கதவை உடைத்து, இயந்திரங்களில் இருந்த சில்லறையை எடுத்தார் என்று வழக்கு. சில்லறைத் திருட்டு மட்டும் என்றால் அங்கே அது 'மிஸ்டிமீனர்', அதாவது சிறு குற்றம். திருடும் எண்ணத்தோடு கதவை உடைத்து நுழைந்தால் 'ஃபெலனி', பெருங்குற்றம்.

"எனக்கு வக்கீல் வையுங்கள்" என்று நீதிபதியிடம் கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்கில் மட்டுமே அரசு செலவில் வக்கீல் தரலாம் என்பது ஃப்ளோரிடா சட்டம். நீதிபதி மறுத்தார். கிடியனே சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார். முடிந்தவரை பேசினார். ஐந்தாண்டு தண்டனை கிடைத்தது.

இங்கே அமெரிக்க ஏற்பாட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நமக்கு முன்சீப் கோர்ட்டிலிருந்து டில்லி வரை ஒரே ஏணி. அங்கே இரண்டு ஏணிகள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் சொந்த விசாரணை நீதிமன்றம், சொந்த உச்ச நீதிமன்றம். மத்திய அரசின் நீதிமன்றங்கள் தனி. மத்திய நீதிமன்றத்தில் வழக்கு என்றால், அரசியல் சட்டத்தின் 6-ஆவது திருத்தப்படி கிடியனுக்கு வக்கீல் கிடைத்திருப்பார். மாநில நீதிமன்றத்தை அந்தத் திருத்தம் அப்படிக் கட்டுப்படுத்தாது என்று 1942-இல் ஒரு தீர்ப்பு வந்திருந்தது.

ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றமும் கைவிட்ட பிறகுதான் வாஷிங்டனுக்கு அந்தப் பென்சில் மனு. கட்டணம் கட்ட வழியில்லாதவர் மனு. நம் ஊரில் 'பாப்பர்' மனு என்போமே, அதே வகை. ஒன்பது நீதிபதிகளில் நான்கு பேர் சம்மதித்தால்தான் அங்கே வழக்கை எடுப்பார்கள். எடுத்தார்கள். கிடியனுக்காக வாதாட ஏப் ஃபோர்டாஸ் என்ற பெரிய வக்கீலை நீதிமன்றமே நியமித்தது. எதிர்த்தரப்பு, ஃப்ளோரிடாவின் சிறைத் துறைத் தலைவர் வெயின்ரைட். அதனால்தான் 'கிடியன் எதிர் வெயின்ரைட்' என்று பெயர்.

1963 மார்ச் 18 அன்று ஒன்பது பேரும் ஒருமித்துச் சொன்னார்கள்: பெருங்குற்ற வழக்கில் வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு மாநிலமே வக்கீல் தர வேண்டும். தீர்ப்பை எழுதியவர் ஹ்யூகோ பிளாக். 1942 தீர்ப்பில் மாறுபட்டு எழுதியவரும் இவரே. இருபத்தோரு வருஷம் காத்திருந்து தன் கருத்தைத் தானே தீர்ப்பாக எழுதும் வாய்ப்பு எத்தனை நீதிபதிகளுக்குக் கிடைக்கும்! (நம் அரசியல் சட்டத்தில் இலவச சட்ட உதவிக்கான 39ஏ பிரிவு வந்தது 1976-இல்.)

பலர் இத்தோடு கதையை முடித்துவிடுவார்கள். ஆனால் உச்ச நீதிமன்றம் கிடியனை நிரபராதி என்று சொல்லவில்லை. மறு விசாரணைக்குத்தான் வழி பிறந்தது. 1963 ஆகஸ்டில் அதே ஊர், அதே நீதிபதி, கிடியனைப் பார்த்ததாகச் சொன்ன அதே முக்கிய சாட்சி. இந்த முறை பக்கத்தில் ஃப்ரெட் டர்னர் என்ற உள்ளூர் வக்கீல். அந்தச் சாட்சியை அவர் துருவித் துருவிக் கேட்டார். விடிவதற்கு முன் அங்கே உனக்கு என்ன வேலை? திருடியவர்களுக்குக் காவல் நின்றவனே நீதானோ? முதல் விசாரணையில் கிடியனுக்கு இப்படிக் கேட்கத் தெரிந்திருக்கவில்லை.

ஜூரிகள் உள்ளே போனார்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து, குற்றவாளி அல்ல என்றார்கள். அதற்குள் கிடியன் இரண்டு வருஷம் உள்ளே இருந்துவிட்டார்.