இசைக்கென்று பிறக்காத வால்வுகள்

இந்த வருஷக் கொலுவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பொம்மைகளைப் பார்த்தார்கள். மீதிப் பேர் கூடத்து மூலையில் என் மேஜைமேல் இருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்தார்கள். அதன் தலையில் நான்கு கண்ணாடிக் குப்பிகள் ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருந்தன. "மாமா, இது என்ன புதுமாதிரி விளக்கா?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். என் வயதுக்காரர்களுக்கு இதில் பாதி தெரிந்த கதைதான்.

அது வால்வு ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கருக்கு இல்லை, ஹெட்போனுக்கு மட்டும். போலந்தில் ஒரு குடும்பத் தொழிற்கூடத்தில் கையால் செய்தது; நான் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். சுவிட்சைப் போட்டதும் பாடாது. அரை நிமிஷம் காத்திருக்க வேண்டும். வீட்டில் மர்ஃபியோ புஷ்ஷோ வைத்திருந்தவர்களுக்கு அந்த அரை நிமிஷம் நினைவிருக்கும். செய்தி தொடங்குவதற்கு ஒரு நிமிஷம் முன்பே அப்பா ரேடியோவைப் போட்டுவிடுவார். பச்சைக் கண் மெல்ல விழிக்கும். அதற்குப் பிறகுதான் குரல் வரும்.

என் பழக்கம் ரேடியோவோடு நிற்கவில்லை. 1971இல் தொலைபேசித் துறையில் சேர்ந்தேன். முதல் வேலை ஒரு கேரியர் நிலையத்தில். வெளியூர்ப் பேச்சுகளைக் கம்பியில் ஏற்றி அனுப்புகிற இடம். ஆள் உயர ராக்குகளில் வரிசை வரிசையாக வால்வுகள். ராத்திரி ஷிப்டில் மின்விளக்கை அணைத்தால் அறையே கார்த்திகை தீபம் மாதிரி இருக்கும். மீட்டரை வைத்து ஒவ்வொன்றின் தெம்பையும் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவோம். தளர்ந்ததைக் கழற்றிப் புதியதைச் செருகுவோம். அந்த அறையில் உட்கார்ந்துதான் வால்வின் பூர்வீகத்தைப் படித்தேன்.

அதைக் கண்டுபிடித்தவர்கள் யாரும் பாட்டை மனதில் வைத்துக் கண்டுபிடிக்கவில்லை. 1904இல் லண்டனில் ஜான் ஆம்ப்ரோஸ் ஃப்ளெமிங், கம்பியில்லாத் தந்தியின் குறிகளைப் பிடிக்க ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார். பல்புக்குள் தனியாக ஒரு தகடு வைத்தால், சூடான இழையிலிருந்து அதற்கு மின்சாரம் ஒரே திசையில் ஓடும் என்பது எடிசன் காலத்திலேயே தெரிந்த விசித்திரம். ஃப்ளெமிங் அதைப் பிடித்துக்கொண்டார். ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு போல இருந்ததால் 'வால்வு' என்று பெயர் வைத்தார். 1906இல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட், இழைக்கும் தகட்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு கம்பியைச் செருகினார். மடைக்குப் பலகை போட்ட மாதிரி. பலகையை ஒரு விரற்கடை ஏற்றி இறக்க ஒருவன் கை போதும். பின்னால் வருகிற தண்ணீர் பத்து வயலுக்குப் பாயும். நடுக் கம்பிக்குச் சின்ன ஒலியலையைக் கொடுத்தால் தகட்டில் அதே அலை பெரிதாக வரும். பெருக்கம் என்பது அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், தான் செய்தது எப்படி வேலை செய்கிறது என்று டி ஃபாரஸ்டுக்கே சரியாகத் தெரியாது. குப்பிக்குள் கொஞ்சம் வாயு இருந்தால்தான் நடக்கும் என்று நம்பினார். சரியான விளக்கத்தைச் சில வருஷம் கழித்து எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற இளைஞர் கொடுத்தார். இருவரும் பிறகு கோர்ட்டில் வருஷக்கணக்கில் மோதிக்கொண்டது தனிக் கதை.

வால்வைப் பெரிய அளவில் முதலில் எடுத்துக்கொண்டது எங்கள் இனம்தான், அதாவது தொலைபேசிக்காரர்கள். நீளமான கம்பியில் குரல் போகப் போகத் தேய்ந்துவிடும். வழியில் அதைத் தூக்கிவிட ஏதாவது வேண்டும். ஏடி அண்ட் டி கம்பெனி 1913இல் டி ஃபாரஸ்டிடம் உரிமை வாங்கி, வாயுவை நன்றாக உறிஞ்சி வெளியேற்றி, உழைக்கிற வால்வாக ஆக்கியது. 1915 ஜனவரி 25 அன்று நியூயார்க்கிலிருந்து கிரஹாம் பெல் பேச, சான் ஃபிரான்சிஸ்கோவில் அவருடைய பழைய உதவியாளர் வாட்சன் கேட்டார். நடுவில் உட்கார்ந்து அந்தக் குரலைத் தூக்கிவிட்டவை வால்வுகள். எங்கள் கேரியர் அறை அந்த வம்சம்.

ஹெட்போனின் கதையும் இதே மாதிரிதான். அதுவும் பாட்டுக்கு வந்த பொருள் இல்லை. தொலைபேசி எக்ஸ்சேஞ்சுப் பெண்கள் ஒற்றைக் காதில் மாட்டியிருந்ததுதான் அதற்கு மூத்தது. 1910இல் யூட்டா மாநிலத்தில் நத்தானியேல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் இரண்டு காதுக்குமான ஹெட்போன் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். அவர்கள் நம்பிக்கை இல்லாமல் மாட்டிப் பார்த்து, கேட்ட தெளிவில் அசந்துபோய் ஆர்டர் கொடுத்தார்கள். அவரோ, ஒரு தடவைக்குப் பத்துதான் செய்ய முடியும் என்று பதில் எழுதினார். சமையலறை அவ்வளவுதான் தாங்கும்!

நம் சென்னையிலும் வானொலி முதலில் காது வழியாகத்தான் வந்தது. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று 1924 மே 16இல் தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், ஜூலை 31இல் ஒலிபரப்பை ஆரம்பித்தது. நாட்டில் முன்னோடி முயற்சிகளில் ஒன்று. அந்தக் காலத்துக் கிரிஸ்டல் செட்டுக்கு மின்சாரம் கிடையாது. ஸ்பீக்கரை அசைக்கிற தெம்பு அதற்கு இல்லை. ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டு ஒருவர் கேட்பார், மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். கிளப் 1927இல் பணமில்லாமல் மூடிக்கொண்டது. அதன் கருவியை வாங்கிக்கொண்டு 1930இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை நடத்தியது. மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டினார்கள். 1938இல் அகில இந்திய வானொலி வந்தது, மறு வருஷம் திருச்சி நிலையம். அதற்குப் பிறகு வால்வு ரேடியோ கூடத்துக்கு வந்து, வீடு முழுவதும் சேர்ந்து கேட்டது. ஹெட்போன் பரணுக்குப் போயிற்று.

பிறகு டிரான்சிஸ்டர். 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதுவும் தொலைபேசிக்காரர்கள் வேலைதான். சூடு இல்லை, காத்திருக்க வேண்டியதில்லை, பேட்டரி போதும். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961இல் வால்வு செய்யத் தொடங்கியது, 1962இல் டிரான்சிஸ்டருக்கான ஜெர்மேனியம் பாகங்களையும் செய்யத் தொடங்கிவிட்டது. இங்கே வால்வுக்குத் தொட்டில் கட்டியபோதே அடுத்த குழந்தை பிறந்துவிட்டது.

எங்கள் நிலையத்தில் மாற்றம் வர 1982 ஆயிற்று. புதுக் கருவிகள் வந்ததும் பழைய ராக்குகளைக் கண்டம் செய்யச் சொன்னார்கள். ஸ்டோரில் பெட்டி பிரிக்காத வால்வுகளே நானூறுக்கு மேல். மெல்லிய அட்டைப் பெட்டி, உள்ளே சுருக்கிய காகிதம், கண்ணாடியில் விரல் ரேகைகூடப் படாதவை. பேரேட்டில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'உபயோகமற்றது' என்று எழுதி அடியில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். ஏலக்காரர் லாரியில் மூட்டையாகத் தூக்கிப் போட்டபோது கேட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அன்று எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரவு ஷிப்டில் வால்வு மாற்றுகிற வேலை ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டேன்.

வால்வு சாகாமல் இருந்த இடங்கள் இரண்டு மூன்று. கிடார் வாசிக்கிறவர்கள் அதை விடவில்லை. சோவியத் ராணுவமும் விடவில்லை. 1976 செப்டம்பரில் பெலென்கோ என்ற ரஷ்ய விமானி, மிக்-25 போர் விமானத்தோடு ஜப்பானின் ஹக்கோடேட்டில் இறங்கி அடைக்கலம் கேட்டார். உலகமே பயந்த அந்த விமானத்தைப் பிரித்துப் பார்த்த அமெரிக்கர்கள், உள்ளே வால்வுகளைக் கண்டு முதலில் சிரித்தார்களாம். சிரிப்பு ஒரு பக்கம் இருக்க, ராணுவத்துக்காக ஓடிய அந்த ரஷ்யத் தொழிற்சாலைகள்தான், சோவியத் கலைந்த பிறகு உலகத்து இசைக்காரர்களுக்கெல்லாம் வால்வு கொடுத்தன.

இதற்கிடையில் ஹெட்போனும் பரணிலிருந்து இறங்கிவிட்டது. 1958இல் மில்வாக்கி நகரத்தில் ஜான் காஸ், தனியாக உட்கார்ந்து இசைத்தட்டுக் கேட்க ஒரு சின்னப் பெட்டி செய்து கண்காட்சியில் வைத்தார். கூட வைத்திருந்த ஸ்டீரியோ ஹெட்போனைத்தான் ஜனங்கள் மொய்த்தார்கள். பெட்டியை யாரும் சீண்டவில்லை. வால்வும் ஹெட்போனும் மறுபடி ராஜ மரியாதையோடு சேர்ந்தது 1991இல் என்று சொல்லலாம். ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பெனி 'ஆர்ஃபியஸ்' என்ற ஹெட்போனை அதற்கென்றே செய்த வால்வு ஆம்ப்ளிஃபயரோடு வெளியிட்டது. மொத்தம் 300 ஜோடிதான். 2015இல் அதற்கு வாரிசாக அறிவித்தது கராரா சலவைக்கல்லில் உட்கார்ந்திருந்தது. விலை 50,000 யூரோவை ஒட்டி. அதைப் படத்தில் பார்த்ததோடு சரி.

நான் என்னுடையதைக் கேட்டுப் பார்த்து வாங்கிய கதைக்கு வருகிறேன். நங்கநல்லூரில் ஒரு நண்பர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், இதை வைத்திருந்தார். எச்டி 600 ஹெட்போனை மாட்டிவிட்டு எம்.டி. ராமநாதனைப் போட்டார். அந்தக் கனத்த குரலும், அவசரப்படாத நடையும், கீழே தம்புராவும். பத்து நிமிஷம் பேச்சே வரவில்லை. அப்பாவின் ரேடியோ திரும்பி வந்த மாதிரி இருந்தது என்று சொன்னேன். நண்பர் பெருமையோடு தலையாட்டினார்.

ஆனால் 39 வருஷம் மீட்டரோடு வாழ்ந்தவனுக்குச் சும்மா இருக்க முடியுமா? மறுநாள் ஒரு மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரும் மல்டிமீட்டரும் எடுத்துப் போனேன். இரண்டையும் ஒப்பிடுவதற்கு முன் ஒலியளவு சமமாக இருக்க வேண்டும். இம்மி கூட இருப்பது எதுவோ அது நன்றாக இருப்பதாகக் காது சொல்லிவிடும். அளவைச் சமப்படுத்தி, என் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, நண்பரின் மகனை மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். பத்துத் தடவையில் ஆறு தடவை சரியாகச் சொன்னேன். நாணயத்தைச் சுண்டினாலே ஐந்து வரும். நண்பருக்குக் கோபம். காது டாக்டர் போன வருஷம் போட்டுக் கொடுத்த வரைபடத்தில் என் கேள்வி ஆறாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் கீழே விழுந்து கிடக்கிறது. அதையும் அவரிடம் சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.

வித்தியாசமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வால்வு ஒலியில் கொஞ்சம் பிசகு சேர்கிறது. முக்கியமாகச் சேர்வது மேல் ஸ்தாயி: ச பாடினால் அதோடு மேல் ச லேசாகக் கூட வரும். சுருதி விலகாத பிசகு. தவிர இந்த ஆம்ப்ளிஃபயரில் வால்வுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. அந்த ஹெட்போனின் மின்தடை 300 ஓம். தாழ்ந்த ஸ்வரங்கள் இருக்கிற 100 ஹெர்ட்ஸ் பக்கம் இன்னும் ஏறுகிறது. அங்கே ஒலி ஒரு சுற்றுப் பருத்து வரும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் நிறைவாகக் கேட்பது அதனால்தான். நான் சரியாகச் சொன்ன ஆறில் நான்கு, தொப்பியை வைத்துச் சொன்னது.

அப்புறம் ஏன் வாங்கினாய் என்று கேட்பீர்கள். துண்டை அவிழ்த்தபோது எதிரே நான்கு குப்பிகள் எரிந்துகொண்டிருந்தன. முன்னால் இருக்கும் இரண்டு 6எஸ்என்7. அந்த வகை வால்வுகள்தான் 1946இல் ஃபிலடெல்ஃபியாவில் காட்டிய எனியாக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டன. அந்த எந்திரத்தில் எல்லாம் சேர்த்து 17,000க்கும் மேல் வால்வுகள். பின்னால் இருக்கும் பெரிய இரண்டும் ரஷ்யாவில் செய்த 6என்13எஸ். அமெரிக்கர்களின் 6ஏஎஸ்7க்குச் சமமான வகை. அந்த 6ஏஎஸ்7 வந்ததே மின்னழுத்தத்தை நிலையாக வைப்பதற்காக, நம் வீட்டு ஸ்டெபிலைசர் வேலைக்கு. அதன் உள்தடை குறைவாக இருந்ததால் பிறகு யாரோ பாட்டுக்குத் திருப்பினார்கள். நண்பர் மகனிடம் அமெரிக்கா போகிற ஏற்பாட்டில் இருந்தார். என் கடைசி மாதச் சம்பளத்தைப் போல் மூன்று மடங்கு கேட்டார். கொடுத்தேன்.

எங்கள் தெருவில் மாலையில் மின்னழுத்தம் 190க்கு இறங்கும், ராத்திரி 250க்கு ஏறும். ஆகவே ஸ்டெபிலைசர் வேலைக்குப் பிறந்த வால்வுகளுக்கு நான் தனியாக ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வைத்திருக்கிறேன். நாலு மாதத்தில் ஒரு பெரிய வால்வு கரகரக்க ஆரம்பித்தது. மாற்று தேடி இணையத்தில் வாங்கினேன். தபாலில் வந்த பெட்டியைத் திறந்தால் அதே மெல்லிய அட்டை, அதே சுருக்கிய காகிதம். கண்ணாடியில் ரஷ்ய எழுத்துக்குப் பக்கத்தில் 82 என்று முத்திரை. அதைச் செருகாமல் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

என் மனைவிக்கு விலையைப் பாதியாகத்தான் சொல்லியிருந்தேன். கொலு முடிந்து பொம்மைகளைக் கட்டிவைத்த ராத்திரி, "எனக்கும் ஒரு தடவை மாட்டிவிடுங்கோ" என்றாள். மாட்டினேன். ராமநாதன் பாட்டு ஒன்று முழுவதும் கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "நன்னாத்தான் இருக்கு. ஆனா இதுல எது மூணு மாசச் சம்பளம்?" என்று கேட்டாள். நங்கநல்லூர் நண்பரின் மனைவி அவளிடம் என்றைக்கோ சொல்லிவிட்டிருக்கிறார்.