இர்ரம் மன்ஸில் தப்பிய கதை

ஹைதராபாத் என்றால் வெளியூர் அன்பர்களுக்குச் சார்மினாரும் கோல்கொண்டாவும்தான் நினைவுக்கு வரும். அவற்றைத் தொல்லியல் சட்டம் காக்கிறது. நவாபுகளின் மாளிகைகளுக்கும் பழைய பங்களாக்களுக்கும் காப்பாக இருந்தது, நகர்ப்புற வளர்ச்சி ஆணையத்தின் 1981-ஆம் வருட மண்டல விதிகளில் 13-ஆவது விதி. பட்டியலிலுள்ள கட்டடத்தை இடிக்க வேண்டுமானால் அனுமதி பெற்றாக வேண்டும்.

இந்த விதியை 2015 டிசம்பரில் தெலங்கானா அரசு நீக்கிவிட்டது. அரசுப் பணியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு விதியைச் சேர்க்க எத்தனை கோப்புகள், எத்தனை கூட்டங்கள்! நீக்க ஓர் அரசாணை போதும். 2017-ல் புதிய பாரம்பரியச் சட்டம் வந்தது. அதன் பட்டியலில் இர்ரம் மன்ஸில் இல்லை.

1870 வாக்கில் நவாப் ஃபக்ருல் முல்க் கட்டிய மாளிகை அது. (பாரசீகத்தில் 'இரம்' என்றால் சொர்க்கத் தோட்டம், தெலுங்கில் 'எர்ர' சிவப்பு. குன்றின் பெயரை நவாப் சாமர்த்தியமாகத்தான் சேர்த்திருக்கிறார்!) அங்கே புதிய சட்டசபை கட்ட 2019 ஜூனில் அடிக்கல் நாட்டப்பட்டது. நவாபின் வாரிசுகளும் பாரம்பரிய ஆர்வலர்களும் எதிர்த்தனர். பொதுநல வழக்குகள் தொடரப்பட்டன. 2019 செப்டம்பர் 16 அன்று உயர்நீதிமன்றம் அமைச்சரவையின் முடிவையே ரத்து செய்தது.

லோத்குண்டாவில் எங்களுக்கெல்லாம் மகிழ்ச்சிதான். பக்கத்திலுள்ள பொல்லாரத்துப் பழைய பங்களாக்களை நினைத்துக்கொண்டோம்.

ஆனால் தலைமைச் செயலக வளாகத்தில் 1888-ல் எழுந்த 'ஜி' பிளாக்குக்கு அந்த யோகம் இல்லை. 2020 ஜூலையில் இடித்துவிட்டார்கள்.